சூடு தெரியாத இடம்

டாக்டரம்மா சவரியம்மாளின் மார்புக் கட்டைப் பிரித்தார். திங்கட்கிழமை கீமோ தொடங்க வேண்டும். அதற்கு முன் புண்ணை ஒருமுறை பார்க்க வரச் சொல்லியிருந்தார். இடது மார்பை எடுத்த இடத்தில் தோல் கொப்புளித்து, உடைந்து, ஓரமெல்லாம் கறுத்துக் கிடந்தது.

“இதுமேல என்ன வெச்சீங்க?”

சவரியம்மாள் சுவரைப் பார்த்தாள். கூட வந்திருந்த நாத்தனார் ஜான்சிதான் வாயைத் திறந்தாள்.

“உப்பு ஒத்தடம் மேடம்.”

“எதுக்கு?”

“தையலுக்குக் கீழ தண்ணி கட்டிக்கிச்சு. கை வெச்சா தளும்புச்சு. உப்பளத்துல எங்களுக்கு எங்க வீங்கினாலும் கல்லுப்பைச் சட்டியில வறுத்து, துணியில கட்டி வெப்போம். வத்திடும்.”

“தண்ணி வடியற டியூபை எடுத்தப்பவே சொன்னேனே. உடம்பு கனம், பிரஷர் இருக்குது, அக்குள்ல நெறிகட்டி நிறைய எடுத்திருக்குது, இவங்களுக்குத் தண்ணி சேர்றதுக்கு வாய்ப்பு அதிகம், சேர்ந்தா உடனே வாங்க, ஊசியில உறிஞ்சிடலாம்னு.”

“சொன்னீங்க. அண்ணிதான் இன்னொரு தபா குத்திக்க மாட்டேன்னாங்க.”

டாக்டரம்மா சவரியம்மாள் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்குச் சுடலையா?”

“இல்லீங்க. மூட்டையை வெச்சதே தெரியல. சூடு பத்தலைன்னு நெனச்சேன். நல்லா வறுத்து எடுத்தாடி, சோறு தின்னலியா நீன்னு நான்தான் இவளை வெரட்டினேன்.”

“அந்த இடத்துல உணர்ச்சி இருக்காதும்மா. ஆபரேஷன்ல நரம்பும் அறுந்திருக்கும். நெருப்பை வெச்சாலும் தெரியாது.”

ஜான்சி வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மூட்டையைப் பிடித்த விரல்கள் தோலுரிந்திருந்தன. அவளுக்குச் சுட்டது. அண்ணிக்கு நல்லதாகட்டும் என்று பொறுத்துக்கொண்டுதான் அழுத்திப் பிடித்திருந்தாள்.

“திங்கக்கிழமை மருந்து ஏத்திடுவீங்களா மேடம்?”

“எப்படிம்மா ஏத்தறது? உள்ள சீழ் புடிச்சிருக்குது. இதோட கீமோ போட்டா உசுருக்கே ஆபத்து. ஆறட்டும்.”

“எப்ப ஆறும்?”

“சொல்ல முடியாது. மாசக்கணக்குல கூட ஆகலாம்.”

“அதுவரைக்கும் உள்ள இருக்கற நோவு சும்மா இருக்குங்களா?” என்று சவரியம்மாள் கேட்டாள்.

டாக்டரம்மா நர்ஸிடம் பஞ்சு எடுத்து வரச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பும் பஸ் கோட்டக்குப்பம் தாண்டியதும் ஜான்சி சவரியம்மாள் பக்கம் திரும்பினாள்.

“அண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன் அண்ணி. நான்தானே வெச்சேன்.”

“சொன்னா உன்னை நாலு சாத்து சாத்துவாரு. அதுல இது ஆறிடுமா?”

“அதுக்கில்ல.”

“வேற எதுக்கு? அழுவாத. பக்கத்து சீட்டு ஆளு பார்க்கறான், நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கப் போறான்.”

ஜான்சிக்குச் சிரிப்பு வரவில்லை. சவரியம்மாளுக்கும் வரவில்லை.

மரக்காணத்தில் வீட்டுக்குள் நுழைந்தபோது சவரியம்மாளின் கணவன் ஆரோக்கியராஜ் உப்பளத்திலிருந்து வந்து, கால் கழுவி, இவர்களுக்காகக் காத்திருந்தான்.

“திங்கக்கிழமைக்கு மேஸ்திரிகிட்ட லீவு சொல்லிட்டேன். நானும் கூட வர்றேன். மருந்து ஏத்தினா வாந்தி வருமாமே, பஸ்ல வேணாம், ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கேன்.”

சவரியம்மாள் சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள்.

“ஆட்டோ வேணாம்யா. நீ வேலைக்கே போ.”

“ஏன்? டாக்டர் என்ன சொன்னாங்க?”

அவள் ஜான்சியைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். ஆரோக்கியராஜ் மனைவியைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், பிறகு தங்கையின் விரல்களைப் பார்த்தான்.