நாற்பது கறுப்புத் தட்டுகள்

என் கண்ணிலேயே அளவுகோல் இருக்கிறது என்று எங்கள் நாற்றுப்பண்ணையில் சொல்வார்கள். நானும் ஒரு நாளும் மறுத்ததில்லை. பதினெட்டு வருஷமாகத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. மற்றவர்கள் குழித்தட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள், மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார்கள். நான் நடந்துகொண்டே பார்ப்பேன். தட்டில் நிரப்பும் பீட் மண் ஈரமாக இருந்தால் கறுப்பு, காய்ந்தால் வெளிறிய பழுப்பு. இதற்கு விரல் எதற்கு?

அந்தப் பீட்டுக்குத்தான் வேட்டு வைக்க வந்தாள் என் ஓரகத்தி. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்து மூன்று வருஷம். அதுவரை அவளுக்குக் கிடைத்தது தொட்டிகளுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டும் வேலை மட்டும்தான்.

"அக்கா, இது எங்கேயோ சதுப்பு நிலத்தத் தோண்டி எடுக்கறது. ஒரு விரல் கனம் சேரவே இருபது வருஷம் ஆகுமாம். நாம ஒரே மாசத்துல கொட்டித் தீத்துடறோம்."

"நானா போய்த் தோண்டினேன்?" என்றேன்.

அவள் விடவில்லை. வெட்டிப்போட்ட கிளைகளை ஓர் இரும்பு டிரம்மில் அடைத்து, காற்று அதிகம் புகாமல் சுட்டுக் கரியாக்கினாள். பொடித்துக் கழுவி, மட்கு உரம் கரைத்த நீரில் இரண்டு வாரம் ஊறவைத்தாள். வெறும் கரியைப் போட்டால் செடிக்குரிய சத்தையும் அதுவே இழுத்துக்கொள்ளுமாம், முதலில் கரிக்கு வயிறு நிறைய வேண்டுமாம்.

"கரிக்கு விருந்தா? நான் காலையிலேர்ந்து ஒரு டீக்கு வழியில்லாம நிக்கறேன்," என்றேன். சிரித்துக்கொண்டே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பண்ணை மாமனாருடையது. சோதித்துப் பார்க்க, தட்டு வைக்கும் மேடை ஒன்றே ஒன்று கொடுத்தார். நாற்பது தட்டு, தக்காளி. மரப்பட்டைத் தூள், மட்கு உரம், அவள் கரி. பீட் ஒரு பிடி கூடக் கிடையாது.

"நாத்து நின்னா, மண் கலக்குற கொட்டகை இனிமே உன் பொறுப்பு," என்றார் அவளிடம். "நிக்கலேன்னா டிரம்மப் பழைய இரும்புக்குப் போட்டுடணும். அப்புறம் கரிங்கிற பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி மாமா," என்றாள். அந்தக் கொட்டகைக்கு அவள் எவ்வளவு ஏங்கினாள் என்பது எனக்குத் தெரியும். அதன் பூட்டைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்ததை ஒரு நாள் பார்த்தேன்.

விதைகள் நன்றாகவே முளைத்தன. முளைக்கும்வரை ஈரம் காக்க மூடியிருந்த தாளை எடுத்த ஐந்தாம் நாள், நாற்பது தட்டும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன.

"கரி உறிஞ்சிடுச்சு," என்றார் மாமனார்.

"ஊறவெச்சது பத்தல போல மாமா. என் தப்புதான்," என்றாள் அவள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றேன் நான். பொய் சொல்வானேன், உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. மறுநாள் நாலு மணிக்கு வரும்படி பழைய இரும்புக்காரருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

காலையில் மேடையைக் காலி செய்ய நான்தான் போனேன். நாற்றைக் குப்பையில் கொட்டலாமென்று முதல் தட்டைத் தூக்கினேன். ஐயோ! தட்டில் கனமே இல்லை. விரலை விட்டேன். அடிவரை பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது. ஆனால் பார்வைக்குக் கன்னங்கரேல் என்றிருந்தது.

கரி கலந்த மண் ஈரமானாலும் கறுப்பு, காய்ந்தாலும் கறுப்பு. பக்கத்து மேடைகள் பழுப்பானபோதெல்லாம் ஊற்றினேன். இந்த மேடை வந்ததும், ஈரம்தான் இருக்கிறதே என்று பூவாளியோடு தாண்டிப் போனேன். ஐந்து நாளும் அப்படித்தான்.

சுற்றிலும் ஒருவரும் இல்லை. நீளத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, தட்டுகளை அதில் வரிசையாக வைத்தேன். அதுவரை யோக்கியம்தான். அதற்கப்புறம் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பதினெட்டு வருஷப் பேர் என்னாவது என்று குழம்பினேன். பிழைக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மத்தியானமே இலைகள் நிமிரத் தொடங்கிவிட்டன. அப்போதும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு வாசலில் வண்டி வந்து நின்றது. ஓரகத்தி டிரம்முக்குள் கையை விட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். உடைத்து நொறுக்கப் போகிற டிரம்மை யாராவது கழுவுவார்களா? அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"மாமா, டிரம்மக் குடுக்காதீங்க. கரி மேல தப்பில்ல. நான் தண்ணியே ஊத்தல."

எல்லோரும் உள்ளே வந்தார்கள். முப்பத்தொரு தட்டு நிமிர்ந்து நின்றது. ஒன்பது போனது போனதுதான். நிறத்தைப் பார்த்து ஏமாந்ததைச் சொன்னேன். மாமனார் ஒரு தட்டில் விரலை விட்டுப் பார்த்தார்.

"நானும் தினம் இந்தப் பக்கமாத்தானே நடந்தேன்," என்றார் மெதுவாக. "கறுப்பா இருக்கேன்னு நானும்தான் போயிட்டேன்." இரும்புக்காரரை அனுப்பிவிட்டு, கொட்டகைச் சாவியை அவள் கையில் கொடுத்தார்.

அவள் சாவியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"எப்போ தெரிஞ்சுது?"

"காலைல."

"இப்ப மணி நாலு," என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் என்னோடு பேச்சே இல்லை. மூன்றாம் நாள் அந்த மேடைக்கு மேலே, சரியாக என் கண் உயரத்தில், ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'விரலை விட்டுப் பார்க்கவும்'. கையெழுத்து அவளுடையது. எனக்குச் சுர்ரென்று வந்தது. கிழிக்கக் கையை நீட்டியும் விட்டேன்.

அப்போது கொட்டகையிலிருந்து குரல் வந்தது. "அக்கா, தண்ணி போதுமா பாருங்க!"

முன்பானால் நின்ற இடத்திலிருந்தே பதில் சொல்லியிருப்பேன். நீட்டிய கையை இறக்கி, தட்டுக்குள் விரலை விட்டேன். ஒவ்வொரு தட்டாக, முப்பத்தொன்றையும் பார்த்தேன்.

"போதும்," என்றேன்.