நூற்றாறு சதவீத எலும்பு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி ஒரு வருடம் ஓடிவிட்டது. மூட்டை முழுசாக மாற்றாமல், தொடை எலும்பின் தலையைச் சீவி உலோகத் தொப்பி மாட்டியிருந்தார்கள். தொப்பிக்கு ஒன்றும் ஆகாது. கவலையெல்லாம் அதைத் தாங்கும் எலும்பின் கழுத்தைப் பற்றித்தான். ஆபரேஷனுக்கு முன்பு அந்தக் கழுத்துக்கு இருந்த அடர்த்தியை நூறு என்று வைத்து, அந்த நூறு திரும்பும்வரை ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாம் மாத ஸ்கேனில் எண்பத்தெட்டு. "முதல்ல இறங்கும், நடக்க நடக்க ஏறும்" என்றார். லிஃப்டைப் பற்றிப் பேசுவது போலவே இருந்தது.

அதுவரை கம்பெனி அவரை டெலிபோன் முன்னால் உட்கார வைத்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அழைப்பார்கள். "அஞ்சு நிமிஷத்துல ஆள் வரும்" என்று சொல்ல வேண்டும். ஆள் முக்கால் மணி நேரத்தில் போகும். ஆபீசில் அவர் பெயரே அஞ்சு நிமிஷம் என்றாகிவிட்டது.

இன்றைய ஸ்கேனில் டெக்னீஷியன் பெண் அவர் பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி, ஒரு முக்கோணக் கட்டையோடு பட்டை போட்டு இறுக்கினார். பட்டை கடித்தது. இருபத்திரண்டு வருடம் ஸ்பேனர் பிடித்த கை. அந்தப் பெண் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியதும் அது பட்டையை ஒரு துளை தளர்த்திவிட்டது. பாதம் நிம்மதியாக வெளியே சாய்ந்தது.

"நூத்தி ஆறு சார்!"

வாசலில் நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள். "வீட்ல ஒரு டம்ளர்கூட நகத்தாமலே இவ்வளவு வளந்துருச்சா?"

நாளையே ஏணி ஏறலாம். ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பாதம் சாய்ந்தபடி எடுத்த கணக்கு அது. லிஃப்ட் கயிற்றின் தடிமனைக் கருவியைச் சாய்த்துப் பிடித்து அளந்தால், தேய்ந்த கயிறும் புதுசாகக் காட்டும். அப்படி அளந்தவர்களை அவர் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்.

"மேடம், பட்டைய நான்தான் லூஸ் பண்ணேன்."

"ஏன் சார்?"

"கை சும்மா இருக்கல."

"வாயாவது சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

மறுபடி இறுக்கி எடுத்தார்கள். தொண்ணூற்றேழு.

"நல்லாத்தான் ஏறிட்டு வருது" என்றார் டாக்டர். "இன்னும் மூணு மாசம் பாக்கலாம்."

மதியம் அதே நாற்காலி, அதே டெலிபோன். யாரோ நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தார்.

"எவ்வளவு நேரங்க ஆகும்?"

அஞ்சு நிமிஷம் நாக்கு நுனிவரை வந்தது. அதை வெளியே தள்ளத்தான் அலுப்பாக இருந்தது.

"முக்கால் மணி நேரம் ஆகும் சார். பயப்படாதீங்க, விழாது. கீழ உக்காந்துக்குங்க."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. அப்புறம் துணி சரசரக்கும் சத்தம்.

"உக்காந்துட்டேன்."

"நானும்தான்" என்றார் அவர்.