முனிரத்தினத்தின் சாப்பாட்டு நோட்டு

1

இந்தக் கதைக்கு என் டாக்டர்தான் காரணம். சாப்பிடுவதையெல்லாம் மூன்று வாரம் நோட்டில் எழுதி வரச் சொன்னார். எனக்குச் சோம்பல். எனக்குப் பதிலாக எழுத முனிரத்தினம் என்றொருவரை உண்டாக்கினேன். ஐம்பத்து நான்கு வயது, சித்தூர்–திருப்பதி பஸ் டிரைவர்.

2

முதல் தொடக்கம்: மாந்தோப்புகளுக்கு மேலே சூரியன் மெல்ல — வேண்டாம். வெறும் வயிற்றில் சுகர் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க நிற்பவருக்கு வர்ணனை எதற்கு?

இரண்டாவது: முனிரத்தினத்துக்கு வலது கண்ணில் புரை. ஆபரேஷன் ஆனால்தான் மறுபடி ஸ்டியரிங் பிடிக்கலாம். சுகர் இறங்காததால் இரண்டு முறை தேதி தள்ளிப்போயிற்று. இப்போது டிப்போவில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டிவரும் பஸ்களின் நேரத்தை எழுதுகிறார். மூன்றாவது தேதி, வரும் வெள்ளிக்கிழமை.

3

நோட்டு பிரமாதம். தட்டில் பாதி கீரையும் காயும், கால் பங்கு பருப்பு அல்லது முட்டை, கால் பங்கு கேழ்வரகுக் களி. வேளை தவறுவதே இல்லை. (எழுதியவன் நான். இதை எழுதிவிட்டு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.) ஆனால் சுகர் முந்நூற்றுப் பத்து. எழுதுகிற எனக்கே காரணம் பிடிபடவில்லை. அவர்மேல் சந்தேகம் வந்து, மனைவி சுலோச்சனாவைக் கதைக்குள் கூப்பிட்டேன்.

4

"நோட்ல எழுதாம இன்னா துன்ற, சொல்லிடு."

"எல்லாம் எழுதிக்கினுதானே இருக்கேன்."

"சாமி படத்தாண்ட இருந்த லட்டு?"

"ஏம்மே, அது பிரசாதம். அத போய் யாராவது நோட்ல எழுதுவாங்களா?"

"பஸ் சத்தம் கேட்டா எழுந்து நிக்கிற. அந்த வண்டி வேணுமா, வேணாமா உனக்கு?"

அவர் நோட்டை மூடிவைத்தார்.

திருப்பதி மலைக்குப் போய்விட்டு வேலூர் திரும்பும் உறவுக்காரர்கள் சித்தூரில் இறங்கி ஒரு லட்டு கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. முனிரத்தினம் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். கண் சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் சாப்பிட்டிருக்கிறார்.*

5

முடிவு அ: லட்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறது, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடக்கிறது. என் டாக்டருக்குப் பிடிக்கும்.

முடிவு ஆ: மூன்றாவது தேதியும் தள்ளி — இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்று புதன். மலையிலிருந்து இறங்கி, சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். அவருக்குத் தம்பி முறை. பையில் நெய் கசிகிற கவர் இருக்கிறது. சித்தூரில் இறங்கி அவர் வீட்டுக்கு வருகிறீர்கள். வாசலில் நிற்கும் முனிரத்தினம் நல்ல கண்ணால் உங்களை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாப்பா. தரிசனம் நல்லா ஆச்சா?" என்று கேட்டு, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டுகிறார்.

———

* என் வீட்டிலும் ஒரு லட்டு இருந்தது. இந்தக் கதையின் முதல் மூன்று வரைவுகளில் நானும் அதை எழுதவில்லை.