பன்னிரண்டாவது ஆள்

தத்துவத் துறைக்கு ஒரு தலை குறைந்தது. பதினோரு பேர் சேர்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் பன்னிரண்டாவது ஆள் விண்ணப்பம் கொடுக்காவிட்டால் இந்த வருடத்தோடு துறையையே மூடிவிடப் போவதாகப் பல்கலைக்கழகம் கடிதம் அனுப்பிவிட்டது. மூடினால் பேராசிரியர்கள் மூன்று பேரும் வேறு ஊர் பார்த்துப் போக வேண்டியதுதான். துறையின் எழுத்தராக இருந்தவளை வாகன நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கும் பிரிவுக்கு மாற்றுவார்கள்.

எழுத்தருக்கு அந்தப் படிப்பின் மேல் பெரிய மரியாதையெல்லாம் கிடையாது. "படிச்சுட்டு என்ன பண்ணப் போறாங்க, காத்தைப் பிடிச்சு மூட்டை கட்டவா?" என்று பதினெட்டு வருடமாக வீட்டில் கேலி பேசியவள்தான். ஆனால் கேலி பேசுவது வேறு, கைவிடுவது வேறு. மேசை விளக்கு எரியவில்லை என்றால் பல்பை மாற்றாமல், இருட்டு என்பது ஒரு பொருளா இல்லையா என்று அரை மணி நேரம் வாதாடுகிற பேராசிரியர் கூட்டம் அது. தேர்வுத் தேதியை நினைவூட்டுவதும், மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கொடுப்பதும் அவள்தான். அவர்களை விட்டுவிட்டுச் சீட்டுக் கிழிக்கப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

அதனால் சொந்தக்காரர்களை வளைத்துப் பிடித்தாள். தங்கை புருஷனை அழைத்து வந்தாள், அத்தை மகளை இழுத்து வந்தாள். இருவரையும் துறைத் தலைவி அலுங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்.

தலைவிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் அலுவலகம் முழுக்க அவருக்கு 'ஏன் மேடம்' என்றே பெயர். சேர வருகிறவர்களிடம் அவர் ஒரே ஒரு விஷயம்தான் கேட்பார்: "உங்களை விடாம தொந்தரவு பண்ற கேள்வி ஏதாவது இருக்கா?" தங்கை புருஷன் நெற்றியைச் சுருக்கி நன்றாக யோசித்துவிட்டு, "கேன்டீன் எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?" என்றார். அத்தை மகள், "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லைங்க, படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு எழுத்தருக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம், பேருக்கு ஒரு ஆள் போதும். யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேனே."

"துறையே போயிடும் மேடம்!"

"கேள்வியே இல்லாத ஒருத்தரை இங்க மூணு வருஷம் உக்கார வெக்கிறது அவருக்குப் பண்ற துரோகம் இல்லையா?"

எழுத்தருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவர்களோடு குப்பை கொட்டுவதைப் போலக் கஷ்டம் உலகத்தில் வேறு கிடையாது என்று முணுமுணுத்தபடி அவள் திரும்பியபோது, வாசலில் அவள் கணவர் நின்றிருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை, அவளைக் கூட்டிப்போக வந்திருந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். சுத்த வாயில்லாப் பூச்சி. சண்டை போட்டால்கூட அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள், அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஊரையெல்லாம் வளைத்தவளுக்கு அவரைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இப்போது வேறு வழியில்லை.

"இவரு இருக்காரு மேடம்! பள்ளிக்கூடம் முடிச்சவரு. மத்தியான ஷிஃப்டுதான், காலையில சும்மாதான் இருக்காரு."

அவர் திருதிருவென்று விழித்தார். தலைவி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். எழுத்தர் கண்ணை மூடிக்கொண்டாள்.

நாற்காலி கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. பிறகு அவர், "ஒண்ணு இருக்குங்க" என்றார்.

எழுத்தர் கண்ணைத் திறந்தாள்.

"ஒரு குடியிருப்புல லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. உள்ள ஒரு பெரியவர். மேல ஒன்பதாவது மாடியில சம்சாரம் ரொம்ப முடியாம இருந்தாங்களாம். மருந்து வாங்கிட்டு வரும்போதுதான் மாட்டிக்கிட்டாரு. நான் வேலை பாத்துட்டு இருக்கறப்போ பக்கத்து வீட்டுக்காரங்க படியில ஓடி வந்து, அந்தம்மா போயிட்டாங்கன்னு என் காதுல சொன்னாங்க. அதே நேரம் உள்ளேருந்து அவரு, 'தம்பி, மேல எப்படி இருக்காளாம்?'னு கேக்கிறாரு. மூச்சு வாங்குது அவருக்கு. நான், 'நல்லா இருக்காங்கய்யா, உங்களத்தான் கேட்டுட்டே இருக்காங்களாம்'னு சொல்லிட்டேன். நாப்பது நிமிஷம் அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னேன்."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"கதவைத் திறந்தேன். மனுஷன் தலையைப் படிய சீவி, சட்டைப் பித்தானெல்லாம் போட்டுட்டு நிக்கிறாரு. சம்சாரம் கேட்டுட்டே இருக்காங்கன்னு சொன்னேன் இல்லைங்களா? என்னைப் பாத்துச் சிரிச்சாரு. ஏழு வருஷம் ஆச்சு. நான் பண்ணது சரியா தப்பான்னு இன்னும் தெரியல. இதையெல்லாம் யாருகிட்டப் போய்க் கேக்கிறதுன்னும் தெரியல."

ஏன் மேடம் ஏன் என்று கேட்கவில்லை. "எனக்கும் தெரியலைங்க" என்றார். "ஆனா இதுக்காக மண்டையை உடைச்சுக்கிட்டவங்க எத்தனையோ காலமா இருந்திருக்காங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு உக்காந்து படிக்கலாம். படிச்சுட்டு நாமளும் சண்டை போடலாம். வர்றீங்களா?"

அவர் மனைவியைப் பார்க்காமலே தலையாட்டினார். விண்ணப்பத்தை அவரே நிரப்பினார், குண்டு குண்டான எழுத்தில். நான்கு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது எழுத்தர் அதில் முத்திரை குத்தினாள். துறை பிழைத்துவிட்டது. துள்ளிக் குதிக்க வேண்டியவள், தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஸ்கூட்டரில் பாதி தூரம் போகும் வரைதான் அவளால் அடக்க முடிந்தது.

"ஏங்க, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

'நல்லதுக்குத்தானே சொன்னீங்க, விட்டுத் தள்ளுங்க' என்றிருப்பாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பாள். அன்போடுதான் சொல்லியிருப்பாள். அதற்குப் பிறகு இந்த மனிதர் அதை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பார்? ஏழு வருடம் ஒரே பாயில் படுத்தும் தனக்குத் தெரியவில்லையே என்று அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் அழவில்லை, யோசித்தாள்.

"அந்த லிஃப்ட்ல நான் இருந்து, மேல நீங்க போயிட்டீங்கன்னு வெச்சுக்குங்க. எனக்கு உண்மைதான் வேணும்."

"உள்ள அடைஞ்சு கிடக்கறப்பவா?"

"ஆமா. அந்த நாப்பது நிமிஷமும் உங்களுக்காக அழுதிருப்பேன். அதை எங்கிட்டேருந்து பிடுங்க எந்த மெக்கானிக்குக்கும் உரிமை இல்லை."

அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். ஏழு வருடமாக அவர் லிஃப்ட் கதவுக்கு வெளியிலேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தவர்; உள்ளே தான் இருந்தால் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. பின்னால் வந்த பேருந்து ஒலியெழுப்பிக்கொண்டே கடந்து போனது.

"நீ சொல்றதுல நியாயம் இருக்கு" என்றார் கடைசியில். "ஆனா உள்ள நான் இருந்தா, எனக்குப் பொய்தான் வேணும்."

"ஏனாம்?"

"நீ இல்லைன்னு தெரிஞ்சு வாழறதுல, ஒரு நாப்பது நிமிஷமாவது குறையட்டுமே."

எழுத்தர் அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "திங்கக்கிழமை முதல் வகுப்பு ஒன்பது மணிக்கு" என்றாள். "லேட்டாப் போய் என் மானத்தை வாங்காதீங்க."