குளியலறைத் தாழ்ப்பாள்

அவர் வெளிக்குப் போய் நாலு நாள் ஆகிறது. அந்த வீட்டில் இப்போது அதைவிடப் பெரிய செய்தி வேறு கிடையாது.

முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். எழுபது அடி உயரத்தில், கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்தே பழகியவர். போன மாதம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் மக்கர் பண்ண, குளியலறையில் தாழிட்டபடி விழுந்துவிட்டார். கதவை உடைத்துத் தூக்குவதற்குள் மனைவிக்கு உயிர் போய் உயிர் வந்தது. கதவைச் சரிசெய்ய வந்த தச்சரிடம், தாழ்ப்பாளே வேண்டாம் என்று வாங்கி அலமாரிக்குள் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவர் உள்ளே போனால், இவள் கதவை ஒரு சாண் திறந்துவைத்து, வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாள். நிமிஷத்துக்கு ஒருதரம் விசாரிப்பாள். அக்கறைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

பப்பாளி, வெந்நீர், மருந்துக்கடை சிரப் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. காலையில் ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ், அவர் அங்கே இல்லாதது மாதிரி இவளிடம் மட்டும், நாளைக்கும் போகாவிட்டால் எனிமா கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மத்தியானம் குளிக்கப் போனாள். தண்ணீர் கேன்காரர் குரல் கொடுத்தபடி பக்கத்துச் சமையலறைக்கு வந்துவிட்டார். இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே ஆள் இருக்கிறது என்று கத்தி, தாழில்லாத கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். கேன்காரர் பாவம், கேனை வைத்துவிட்டு எப்போதோ போயிருந்தார். இவள்தான் சோப்பு நுரையோடு இன்னும் கதவை அழுத்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சுருக்கென்றது. நமக்கு ஒரு நிமிஷத்துக்கே இந்தப் பாடு. அவர் ஒரு மாதமாக எப்படித் தாங்கினார்? தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

ஈரத்தலையோடு திருப்புளியைத் தேடி எடுத்தாள். உட்கார்ந்தபடியே அவருடைய வலது கைக்கு எட்டும் உயரத்தில், அலமாரியில் கிடந்த தாழ்ப்பாளைத் திருகி மாட்டினாள். கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்காரவைத்து, தாழ்ப்பாளைக் காட்டினாள்.

"போட்டுக்கங்க."

இவள் வெளியே வந்தாள். கதவு மூடி, தாழ் விழுந்தது. இவள் அங்கேயே நின்றாள்.

"அங்கதான் நிக்கிறியா?"

"ஆமா."

"நீ நின்னா எனக்கு வராதும்மா."

சமையலறைக்குப் போனாள். போனாலும் காது கதவிலேயே இருந்தது. அது அவருக்கும் தெரியும். நாற்பது வருஷமாகக் கூட இருப்பவராயிற்றே. கடைசியில் மிக்சியை இழுத்து வைத்து, வெறும் ஜாரை மாட்டி ஓடவிட்டாள். பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. இனி அவர் விழுந்தால்கூட இவளுக்குக் கேட்காது. சுவிட்சுக்குப் போன கையை நாலைந்து தரம் இழுத்துக்கொண்டாள்.

மோட்டார் கருகும் வாசனை வந்த பிறகே அணைத்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவசரமாக மறுபடி மிக்சியைப் போட்டாள்.