இரண்டு முறை விழுந்த எண்

பலகையில் தன்னுடைய பணியாளர் எண் இரண்டு இடங்களில் இருப்பதைப் பார்த்ததும், கண்தான் கோளாறு செய்கிறது என்று அவளுக்கு முதலில் தோன்றியது. கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூன்றாவது வரியில் 4471. ஏழாவது வரியிலும் 4471.

அது ஸ்டாண்ட்பை பட்டியல். முழுக் கட்டணம் கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறிய பிறகு இருக்கை மிஞ்சினால், விமான நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் வரிசைப்படி கூப்பிடுவார்கள். மிஞ்சாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பலகையில் பெயர் வராது, பணியாளர் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும்தான். பத்தொன்பது வருடமாக இதே விமான நிலையத்தின் கீழ்த்தளத்தில், காணாமல்போன பெட்டிகளுக்கான கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் அவள். இந்தப் பட்டியலை நம்பி ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் போய்ச் சேர்ந்திருக்கிறாள். ஒரு சாவுக்குப் போகாமலே இருந்திருக்கிறாள். ஆனால் ஒரே எண் இரண்டு முறை விழுந்து இதுவரை பார்த்ததில்லை.

காலையில் பதிவு செய்யும்போது போன் நடுவில் நின்றுபோனது ஞாபகம் வந்தது. அவசரத்தில் மறுபடி அழுத்தியிருப்பாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஆறரை மணிக்குக் கூப்பிட்டு, "அம்மா, இன்னிக்கே கெளம்பி வர முடியுமா?" என்று மட்டும் கேட்டிருந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லையாம், வேலையிலும் ஒன்றுமில்லையாம். "நேர்ல சொல்றேன்." அப்படிக் கேட்கிற பெண் இல்லை அவள். செருப்பு அறுந்தால்கூட வீட்டில் சொல்லாமல் தானே தைத்துக்கொள்கிறவள். சந்தோஷமா, சங்கடமா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பல் துலக்கும்போதும், பேருந்திலும், சோதனை வரிசையில் நின்றபோதும் அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். அந்தக் குழப்பத்தில் ஒன்றுக்கு இரண்டாகப் பதிந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் ஒரே ஆள் இரண்டு முறை பதிந்தால் மெமோ கொடுப்பார்கள்.

போர்டிங் கேட்டில் இருந்த பெண்ணை எல்லோரும் குருவி என்பார்கள். நிற்கிற இடத்தில் நிற்க மாட்டாள். ஒரு காதில் போன், ஒரு கையில் போர்டிங் பாஸ் கற்றை.

"குருவி, என் நம்பர் டபுளா விழுந்திருக்கு பாரு. ஒண்ண எடுத்துடேன், புண்ணியமாப் போகும்."

"கீழ இருக்கறதத் தூக்கிடறேங்க்கா," என்று சொல்லிக்கொண்டே, பெயரைக்கூடப் பார்க்காமல் குருவி கீபோர்டில் இரண்டு தட்டு தட்டினாள். ஏழாவது வரி மறைந்தது. எட்டாவது மேலே ஏறிக்கொண்டது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"ஏம்மா, என் நம்பரு இப்பதான் போர்டுல இருந்துச்சு. தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள காணோமே?"

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவளுடைய கணவர். இரண்டு வருடமாக ஸ்கூலுக்குப் பக்கத்தில் தனி அறை எடுத்து இருக்கிறார். சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நாள் தனியாக இருந்து பார்க்கிறேன் என்று போனவர், போன இடத்திலேயே தங்கிவிட்டார். அவளும் வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை தெரியாது. வருடா வருடம் ஜனவரியில் ஆபீஸில் குடும்பத்தார் விவரம் கேட்டுப் படிவம் வரும். கணவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிடுவாள். ஏன் எழுதுகிறோம் என்று யோசித்ததில்லை. அந்தப் பெயர் இருக்கும்வரை அவருக்கும் அவளுடைய எண்ணில் ஸ்டாண்ட்பை பயணம் உண்டு. ஆனால் இந்த இரண்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை.

குருவி திரையை இரண்டாவது முறை பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"அக்கா, இது டபுள் இல்லக்கா. இது சாரோட நம்பரு."

மறுபடி சேர்த்தபோது அவர் பன்னிரண்டாவது ஆனார். பட்டியலில் மொத்தமே பன்னிரண்டு பேர்தான்.

அவர் வந்து ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தார். சட்டையை உள்ளே விட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வந்திருந்தார். ஸ்டாஃப் டிக்கெட்டில் போகிறவர்கள் செருப்போடு வந்தால் ஏற்ற மாட்டார்கள் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள்தான் பயமுறுத்தி வைத்திருந்தாள்.

"நீயா எடுக்கச் சொன்ன?"

"என்னோடதுதான் ரெண்டு தடவ விழுந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"ம்."

"நெஜமாதாங்க. நீங்க வருவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன பிறகு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு எண்ணுக்கு இரண்டு பேர் உண்டு என்பது தெரியாதவளா அவள்? கவுண்டருக்கு வருகிறவர்களிடம் தினமும் நூறு தடவை, "பதறாம நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று சொல்கிறவள். அவர் ஒருவர் இருப்பதையே மறந்துபோனாளா, இல்லை மறக்காமல்தான் எடுக்கச் சொன்னாளா? உள்ளே துழாவிப் பார்த்தாள்.

"பாப்பா கூப்டுச்சு," என்றார் அவர். "காலைல ஆறே முக்காலுக்கு."

"என்ன விஷயமாம்?"

"வாங்கப்பான்னா. அவ்வளவுதான். உன்கிட்ட?"

"வாம்மான்னா."

பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டிருக்கிறாள். ஒருவரைக் கூப்பிட்டதை மற்றவரிடம் சொல்லவில்லை. அப்படி என்ன விஷயம்?

குருவி மைக்கில் எண்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். முதல் எண், இரண்டாவது எண், 4471. அதோடு நிறுத்திக்கொண்டாள். மூன்றே இடம்.

அவள் எழுந்து நின்றாள். பையை எடுக்கவில்லை. அவரே அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "போ. போய் என்னன்னு பாத்துட்டு எனக்கு ஒரு போன் போடு."

முப்பத்தொன்றாவது வரிசையில் நடு இருக்கை. பெல்ட்டைப் போட்டதும் மகளுக்குப் போன் செய்தாள்.

"ஏறிட்டேன்டா. அப்பாவுக்கு எடம் கெடைக்கல."



"அம்மா, ஒருத்தரா வந்தா என்னால சொல்ல முடியாதும்மா."

"ஏன்டா?"

"ரெண்டு பேரும் இருந்தாத்தான் சொல்லுவேன். ஒவ்வொருத்தருக்கா சொல்லி, அப்புறம் நீ என்ன சொன்ன, அவர் என்ன சொன்னாருன்னு... என்னால முடியாதும்மா."

அவள் பேசுவதற்குள், நடைவழியில் குருவி வேகமாக வருவது தெரிந்தது. முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இன்னொரு விமானத்திலிருந்து மாறி வரவேண்டிய பயணி ஒருவர் கடைசி நிமிடத்தில் ஓடி வந்திருக்கிறார். டிக்கெட் எடுத்தவர். அவர் வந்தால் இவள் இறங்கத்தான் வேண்டும்.

"சாரிக்கா," என்றாள் குருவி, காதோரம் குனிந்து.

"எனக்குத் தெரியாதா, விடு," என்று சொல்லிவிட்டு மகளிடம், "அப்புறம் கூப்பிடறேன்டா," என்றாள். முப்பது வரிசை முகங்களும் பார்த்துக்கொண்டிருக்க, பையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வரை நடந்தாள். வழக்கமாக இப்படி இறக்கிவிடும்போது அவமானம் பிடுங்கித் தின்னும். இன்று அது வரவில்லை. வேறு என்னவோ வந்தது. குருவி வராமல் இருந்திருந்தால் தானாகவே எழுந்து வந்திருப்போமா என்று விமானத்திலிருந்து கேட்டுக்கு வரும் பாலத்தில் நடந்தபடியே கேட்டுக்கொண்டாள். வந்திருப்போம் என்று தோன்றியது. நான்கு அடி நடந்ததும், மாட்டோம் என்று தோன்றியது.

அவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். கேட்டில் வேறு யாரும் இல்லை.

"நீங்க இன்னும் போகலையா?"

"உன்னையுமா எறக்கிட்டாங்க?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் எதற்குச் சிரித்தோம் என்று இருவருக்கும் கூச்சமாகிவிட்டது.

மகள் சொன்னதை அவள் சொன்னாள். அவர் ஷூவைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் இருந்தாத்தானாமா?"

"அப்படித்தான் சொன்னா."

"நல்ல சேதியா இருக்குமா?"

"தெரியலங்க."

அடுத்த விமானம் மூன்று மணிக்கு. அவள் போனை எடுத்துப் பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். ஒரே எண்ணில் இரண்டு பேரைப் போட்டால் அது ஒரு கேள்வி கேட்கும்: தனித்தனியாகவா, சேர்ந்தா? சேர்ந்து என்று போட்டால் இரண்டு இடம் மிஞ்சினால்தான் கூப்பிடுவார்கள். ஒரே இடம் இருந்தால் அது பின்னால் இருப்பவருக்குப் போய்விடும். மூன்று மணி விமானத்தில் இப்போதைக்கு நான்கு இடம் காட்டியது. முன்னால் ஆறு பேர்.

அவர் எட்டிப் பார்த்தார். "சேத்துப் போட்டா சான்ஸ் கொறையும்ல?"

"கொறையும்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் 'சேர்ந்து' என்பதை அழுத்தினாள். பக்கம் சுற்றிச் சுற்றி நின்று, ஏழாவது இடம் என்று காட்டியது.

வெளியே விமானத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். காது மூடி போட்ட ஆள் ஒருவர் பக்கத்திலேயே நடந்துபோய், இழுவை வண்டியைக் கழற்றிவிட்டு, தள்ளி நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"அவரு யாருக்குக் கை காட்றாரு?" என்று கேட்டார் கணவர்.

"பைலட்டுக்கு. கழட்டியாச்சு, இனிமே நீங்க போகலாம்னு."

இழுவை வண்டி திரும்பிப் போய்விட்டது. அந்த ஆளும் காது மூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனார். விமானம் மட்டும் விளக்குகள் மின்ன, வெயிலில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.