காலிக் கொக்கி

எங்கள் இறைச்சிக் கூடத்தில் என் வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அறுத்த ஆட்டின் காதில் இருக்கும் டேக்கில் கருவியைக் காட்டினால் ‘கீச்’ என்னும். ஆட்டின் நம்பர் அடுத்து வரும் கொக்கிக்குப் போய்விடும். அந்தக் கொக்கியில் ஆட்டை மாட்ட வேண்டும். தலை போன பிறகு அது யார் வீட்டு ஆடு என்று சொல்லக் கொக்கியை விட்டால் நாதி கிடையாது.

அன்றைக்கு என் அண்ணன் அனுப்பிய ஐந்து ஆடுகளில் கடைசி ஆடு, மாட்டும்போது கை வழுக்கித் தரையில் விழுந்தது. கழுவித்தான் ஏற்ற வேண்டும். “கொக்கி காலியா போச்சுன்னா தொலைச்சுடுவேன்!” என்று சூப்பர்வைசர் கத்தினான். காலிக் கொக்கி போனால் அவனுக்குக் குடியே முழுகிவிடும். வரிசையில் அடுத்து இருந்த ஒரு வியாபாரியின் ஆட்டை அண்ணன் நம்பர் ஏறிய கொக்கியில் மாட்டினேன். அண்ணன் ஆட்டைக் கழுவி வியாபாரியின் கொக்கியில் மாட்டினேன். இங்கே எல்லாரும் செய்கிற வேலைதான்.

அரை மணி நேரத்தில், இறைச்சியைச் சோதிக்கும் கால்நடை டாக்டர் ஒரு நுரையீரலைத் தூக்கிப் பிடித்தார். முழுக்கக் கட்டி. ஒட்டுவாரொட்டி நோய். அந்தக் கொக்கிக்குக் கம்ப்யூட்டர் என் அண்ணன் பெயரைச் சொன்னது. அவர் மந்தை மொத்தத்தையும் அறுத்துப் புதைக்க உத்தரவு வந்தது.

சூப்பர்வைசரிடம் ஓடினேன். “சார், நான்தான் கொக்கிய மாத்தி மாட்டிட்டேன்.”

“எழுதிக் குடு. நாளையிலேருந்து வராதே.”

அவன் கத்தியதற்கு எந்த டேக்கும் இல்லை. நான் எழுதவில்லை. பூசி மெழுக என்ன இருக்கிறது, பயம்தான்.

சாயங்காலம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். “ஒரு ஆடுகூட இருமி நான் பார்க்கலம்மா. ஆனா நீ இருக்கிற இடத்துல தப்பு நடக்குமா?”

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன்.

வெள்ளிக்கிழமை குட்டிகளோடு சேர்த்து அண்ணனின் நாற்பத்து மூன்று ஆடுகளும் வந்தன. ஒரு கொக்கிகூட மாறவில்லை. அவ்வளவு ஒழுங்காக நான் வேலை பார்த்ததே கிடையாது. டாக்டர் நாற்பத்து மூன்று நுரையீரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் ஒரு புள்ளி இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வியாபாரியின் ஆடுகள் எங்கோ இருமிக்கொண்டே மேய்ந்துகொண்டிருந்தன.

கம்பிக் கதவுக்கு வெளியே நின்ற அண்ணனிடம் டாக்டர் போனார். “நல்லவேளை, சரியான நேரத்துல பிடிச்சுட்டோம். பரவவே இல்ல” என்றார்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“போனது போகட்டும்மா. நாலு பேர் வீட்டு ஆடு தப்பிச்சுதே. எல்லாம் உன் புண்ணியம்.”